கொண்டு விற்க வந்தவள்

வேலைக்குச் சேர்ந்த அன்று
சுகாந்தி என்று சொன்னேன்
சுகந்தி என்று எழுதிக்கொண்டார் மேனேஜர்.
ஒரு கால் போயிற்று.
நொண்டவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கானாடுகாத்தானில் இந்த வீட்டுக்கு
இந்தத் தெருவில் ஒரு வாசல்
அடுத்த தெருவில் ஒரு வாசல்.
விருந்தாளிகள் முன்னால் வருகிறார்கள்
போர்வைகள் பின்னால் போகின்றன.
நான் போர்வைகளோடு.
பதினாறு அறை, தலையணை உறை முப்பத்திரண்டு.
ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நடந்தால்
சித்திரையிலும் குளிரும்.
போனில் அம்மாவிடம் சொன்னேன்.
தரை குளிர்ந்தால் கூலி கூடுமா என்றாள்.

அம்மாவுக்குத் தெரிந்த தெற்கு
ஒரு செங்கல் சூளை.
காண்டாபாஞ்சி ஸ்டேஷனில் ஏறி
கண் விழித்தால் சூளை
ஆறு மாதம் கழித்துக் கண் விழித்தால்
திரும்பவும் காண்டாபாஞ்சி.
நடுவில் ஊர் என்று எதையும் அவள் பார்த்ததில்லை.
நான் பார்க்கிறேன்.
அவளுக்கும் சேர்த்து என்று சொல்ல ஆசைதான்
ஆனால் எனக்காகத்தான் பார்க்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
ரோஸ்மில்க்கை உறிஞ்சியபடி
போர்டுகளை எழுத்துக்கூட்டுவேன்.
தே வ கோ ட் டை.
அ ற ந் தா ங் கி.
கீழச்சிவல்பட்டி வண்டி நகர்வதற்குள்
அந்த ழ-வை மட்டும்
நாலு தடவை சொல்லிவிட வேண்டும்.
கண்டக்டர் ஏறுகிறாயா என்பார்.
இல்லை, படிக்கிறேன்.

முகப்பில் வரிசையாய் மாட்டியிருக்கிறவர்கள்
எல்லாரும் கொண்டு விக்கப் போனாகளாம்
பர்மாவுக்கு, பினாங்குக்கு, சைகோனுக்கு.
வள்ளிக்கண்ணு அக்கா அப்படித்தான் சொல்வாள்.
என்ன கொண்டு போனார்கள் என்று கேட்டேன்.
கணக்கு, என்றாள்.
நான் கொண்டு வந்தது இரண்டு கை.
அதையும் இன்னும் முழுசாக விற்றாகவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்
எங்களுக்கு நுவாகாய், புது அரிசி நாள்.
காலை ஒன்பது பதினேழு என்று
நேரம் குறித்து வாட்ஸப்பில் வந்தது.
அந்த நிமிடத்தில் எங்கள் ஜில்லாவே
கிழக்கே பார்த்து முதல் வாய் உண்ணும்.
இங்கே பிள்ளையார்பட்டிக் கூட்டம்
பதினாறு அறையும் இட்லி இட்லி என்கிறது.
லாண்டரிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.
புது அரிசிக்கு எங்கே போவேன்?
அடுப்படியில் கேட்காமல் அள்ளிய
ஒரு பிடி கவுனி அரிசி,
கறுப்பும் சிவப்புமாய், சீனியும் தேங்காயும் விரவி.
அதுவும் பர்மாவிலிருந்து வந்ததாம்.
வந்த எதையும் இந்த வீடு
சமைக்காமல் விட்டதில்லை.

கிழக்கு எது என்று
வாஷிங் மெஷினைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தபோது
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்
வீட்டுக்காரர் பேரன், பெர்த்திலிருந்து.
சுவரில் இருக்கிறவர் பெயர்தான், நாகப்பன்.
கூட வந்த சிநேகிதர்களுக்கு நாக்ஸ்.
கசங்கிய சட்டையைக் காட்டினான்.
என் கையைப் பார்த்து
இது என்ன என்றான் இங்கிலீஷில்.
கவுனி, என்றேன் தமிழில்.
நீ இந்த ஊரா என்றான்.
பின்கட்டு, என்றேன்.
அப்படி ஒரு ஊர் இருக்கும் போல என்று
தலையாட்டினான்.
ஒன்பது பதினாறு.
கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இஸ்திரிப் பெட்டியைக் காட்டினான்.
பாதியை அவன் கையில் வைத்தேன்.
ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பையன்.
இரண்டு பேரும்
இஸ்திரிப் பெட்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாதிரி
நின்று தின்றோம்.

ராத்திரி அம்மாவுக்கு ஜுஹார் சொன்னேன்.
யாரோடு சாப்பிட்டாய் என்றாள்.
கொண்டு விக்கப் போனவர் வீட்டுப் பிள்ளையோடு.
அதை எங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது?
யோசித்தேன்.
யோசித்தது தமிழில்.
நான் பேசாததற்கு
ம், என்றாள் அம்மா.
அதற்குள் வள்ளிக்கண்ணு அக்கா கூப்பிட்டாள்,
ஏழாம் நம்பரில் ஏதோ ஒரு குழந்தை
மெத்தையை நனைத்துவிட்டதாம்.